மூன்று நிமிடக் குளிருக்கு எத்தனை லட்சம்?

மே மாதத்து மத்தியானத்தில் சென்னையில் குழாயைத் திறந்தவர்களுக்குத் தெரியும். மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்குவது அசல் வெந்நீர். கீஸருக்கு வேலையே இல்லை. அந்த ஊரில்தான் இப்போது பத்து டிகிரித் தண்ணீரில் கழுத்து முங்க உட்கார ஆசை வந்திருக்கிறது. விளையாட்டு வீரர்களும் சினிமாக்காரர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு ஐஸ் தொட்டிக்குள் இறங்கும் வீடியோக்களைப் பார்த்தாயிற்று. ஜிம்மில் ஒருமுறை காசு கொடுத்து உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. அடுத்து, வீட்டுக்கே ஒன்று வாங்கிவிடலாமா என்கிற யோசனை. ‘கோல்ட் பிளஞ்ச்’ என்று தேடினால் சில ஆயிரம் ரூபாய் மடக்குத் தொட்டியில் தொடங்கி, சில லட்சத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி வரை வந்து விழுகிறது.

எல்லா விளம்பரத்திலும் படத்தில் இருப்பது தொட்டிதான். ஆனால், நம் ஊரில் காசு கரைவது தொட்டியில் இல்லை. இந்தப் பழக்கம் வேர்விட்ட பின்லாந்திலும் டென்மார்க்கிலும் குளிர்காலத்தில் வாசலில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தால் போதும். விடிவதற்குள் ஜில்லிட்டுக் கிடக்கும். ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத சென்னையில் அந்த வேலையை ஐஸோ மின்சாரமோ செய்தாக வேண்டும். குளிரை உண்டாக்குவது ஒரு செலவு. உண்டாக்கிய குளிரை ஓடவிடாமல் பிடித்து வைப்பது இன்னொரு செலவு. இந்த இரண்டையும் கணக்குப் போட்ட பிறகு நிறம், வடிவம், காபி கப் வைக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை டிகிரி வேண்டும்?

கடையில் முதலில் காதில் விழுவது, “மூணு டிகிரி வரைக்கும் போகும் சார்” என்பதுதான். உங்களுக்கு மூன்று டிகிரி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

குளிர்ந்த நீருக்குள் சட்டென்று இறங்கினால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். தோல் குளிர்ந்த கணத்தில் வாய் தானாகத் திறந்து பெரிய மூச்சு ஒன்றை உள்ளே இழுக்கும். அடக்க நினைத்தாலும் அடங்காது. பிறகு மூச்சு தாறுமாறாக வாங்கும், நெஞ்சு தடதடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் தணியும். இந்த அதிர்ச்சி 10 முதல் 15 டிகிரிக்குள்ளேயே ஏறக்குறைய முழு வீச்சை எட்டிவிடுகிறது. அதற்கும் கீழே இறக்கினால் வலி கூடும், விரல்கள் சீக்கிரம் மரத்துப்போகும். மூன்று டிகிரிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அந்த வலிக்கான பணம்தான்.

உடற்பயிற்சி செய்த மறுநாள் வரும் தசைவலிக்கு இது நல்லது என்ற நம்பிக்கை பழையது. 2002-ல் மியூனிக்கில் நடந்த ஐரோப்பிய தடகளப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பவுலா ராட்கிளிஃப், ஐஸ் குளியலுக்கும் அதில் பங்கு உண்டு என்று சொன்ன பிறகு அது இன்னும் பரவியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2012-ல் 17 சிறு ஆய்வுகளை, மொத்தம் 366 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடக் குளிர்நீரில் உட்கார்ந்தவர்களுக்கு வலி குறைவாகத்தான் இருந்தது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் தண்ணீர் 10 முதல் 15 டிகிரி.

இங்கே ஒரு குசும்பான ஆய்வையும் சொல்ல வேண்டும். 2014-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு அது. கடும் பயிற்சி முடித்த ஆண்களில் சிலரை 10 டிகிரி நீரிலும், சிலரை வெதுவெதுப்பான நீரிலும், இன்னும் சிலரை அதே வெதுவெதுப்பான நீரில் சாதாரணத் தோல் கிளென்சர் ஒன்றைக் கலந்து, ‘தசையை மீட்கும் விசேஷத் திரவம் இது’ என்று சொல்லியும் உட்காரவைத்தார்கள். விசேஷத் திரவக்காரர்களும் ஐஸ்காரர்களுக்குச் சமமாகத் தேறினார்கள்.

தசை வளர்க்க எடை தூக்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது 2015-ல் வந்த இன்னொரு ஆய்வு. 21 ஆண்கள், 12 வாரம் எடைப்பயிற்சி. ஒவ்வொரு பயிற்சியும் முடிந்ததும் ஒரு பிரிவினர் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் மெதுவாக சைக்கிள் மிதித்தார்கள். முடிவில் தசையும் பலமும் கூடுதலாக ஏறியது சைக்கிள்காரர்களுக்கு. ஜிம்மிலிருந்து நேராகத் தொட்டிக்குள் குதிப்பவர், அன்றைய உழைப்பில் ஒரு பகுதியைத் தானே கரைத்துவிடுகிறார்.

‘டோபமைன் 250 சதவிகிதம் ஏறும்’ என்று விளம்பரங்களில் போடுகிறார்களே, அந்த எண் 2000-ல் வெளியான ஒரு ஆய்விலிருந்து வந்தது. எண் உண்மை. ஆனால், அதில் பங்கேற்றவர்கள் 14 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நிமிடத் தொட்டிக்கு அதே எண்ணைப் போடுவது எப்படி? ஒரு வரியை மட்டும் பிய்த்துப் போஸ்டரில் ஒட்டும் வேலை நம்மூர் அரசியலுக்கு மட்டும் சொந்தமில்லை. அதே விளம்பரங்கள் நெதர்லாந்தில் 3,018 பேரை வைத்துச் செய்த ஆய்வை அவ்வளவாகச் சொல்வதில்லை. குளித்து முடிக்கும்போது 30, 60 அல்லது 90 விநாடி குளிர்ந்த ஷவரில் நின்றவர்கள், உடம்பு சரியில்லை என்று லீவு போட்ட நாள்கள் 29 சதவிகிதம் குறைந்தன. 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நோயுற்ற நாள்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. தொட்டி விற்பவருக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு 12 முதல் 15 டிகிரி தாராளம் என்பது என் கணிப்பு. இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் வாங்க வேண்டிய இயந்திரமும் சிறிதாகும், பில்லும் சிறிதாகும்.

ஐஸ் பார் கணக்கு

தொட்டி மட்டும் வாங்கி, ஐஸைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 300 லிட்டர் தண்ணீர், சம்ப்பில் 29 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 15 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 44 கிலோ ஐஸ் வேண்டும். பத்துக்கு இறக்க 63 கிலோ. இது மாத முதல் தேதிக் கணக்கு இல்லை, ஒரு குளியலுக்கான கணக்கு. மெல்லிய தொட்டியில் மறுநாளைக்குள் தண்ணீர் பழையபடி ஆகிவிடும். வீட்டு ஃப்ரீசரில் இரண்டு லிட்டர் பாட்டில்களை உறையவைத்துப் போடலாம் என்றால், 15 டிகிரிக்கே 22 பாட்டில். அத்தனையும் வைத்த பிறகு ஃப்ரீசரில் ஒரு ஐஸ்க்ரீம் டப்பாவுக்குக்கூட இடம் இருக்காது.

ஐஸ் பார் வாங்கினால் மலிவுதான். சாக்கில் சுற்றி வரும், வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள், அதை உடைத்துத் தொட்டிக்குக் கொண்டுபோவதற்குள் பாதி வீடு ஈரமாகும். அந்த ஐஸ் குடிநீரில் செய்ததுதானா என்று நமக்குத் தெரியாது. அது கரைந்த தண்ணீரில்தான் வாய் பிளந்து மூச்சிழுக்கப் போகிறோம். வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஐஸ் சரி. தினமும் என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் இல்லாமல் கதை நடக்காது.

ஹெச்.பி. என்ற மாயம்

சில்லரை ‘கால் ஹெச்.பி.’, ‘அரை ஹெச்.பி.’, ‘ஒரு ஹெச்.பி.’ என்று விற்கிறார்கள். அது கம்ப்ரஸர் மோட்டாரின் அளவு. தண்ணீரிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பதை அது சொல்லாது. கேட்க வேண்டிய கேள்வி: “வெளியே 40 டிகிரி இருக்கும்போது, தண்ணீர் 12 டிகிரியில் இருக்கும்போது, இது எத்தனை வாட் குளிரூட்டும்?” குளிர்ப் பிரதேசத்தில் வைத்துச் சோதித்த எண்ணை நம்பிச் சென்னைக்கு வாங்கக் கூடாது. வெளிக்காற்று சூடாக இருக்கும் அளவுக்குச் சில்லரின் திறன் இறங்கும்.

வைக்கும் இடமும் முக்கியம். சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைப் பக்கத்திலேயே ஊதித் தள்ளும். ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் குளியலறைக்குள் மாட்டுவோமா? காற்றோட்டமில்லாத பாத்ரூமில் சில்லரை வைத்தால் அதே நிலைமைதான். தன் சூட்டைத் தானே உறிஞ்சித் திணறும்.

இனி தொட்டியின் சுவர். மெல்லிய ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக் தொட்டியில் 12 டிகிரி நீர், வெளியே 35 டிகிரி என்றால், சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் 400 வாட்டுக்குக் குறையாது. ஐந்து சென்டிமீட்டர் பாலியூரித்தேன் ஃபோம் உள்ள சுவரும் மூடியும் இருந்தால் அது 50 வாட் அளவுக்கு இறங்கிவிடும். கால் ஹெச்.பி. சில்லர் நல்ல நாளில் 500, 600 வாட் வெப்பத்தை வெளியேற்றலாம். மே மாதத்தில் அதற்கும் குறைவு. அதை ஒற்றைச் சுவர்த் தொட்டியோடு பூட்டினால், உள்ளே வருவதும் வெளியே போவதும் சரிக்குச் சரியாகி, இரவெல்லாம் ஓடினாலும் தண்ணீர் ஏதோ ஒரு டிகிரியில் முரண்டுபிடித்து நின்றுவிடும். ‘சில்லர் ரிப்பேர்’ என்று சர்வீஸுக்கு போன் போடுவோம். ரிப்பேர் சில்லரில் இருக்காது.

காற்று அடைக்கும் தொட்டிகளில் இரண்டு வகை. குழந்தைகளின் நீச்சல் குளம்போல் உப்புவது ஒன்று. இரண்டு பி.வி.சி. தாள்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கான நூல்களைக் கோத்து, காற்றடித்ததும் பலகைபோல் விறைத்து நிற்பது இன்னொன்று. நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகைகளைச் செய்யும் அதே முறை. இரண்டாவது பரவாயில்லை, உள்ளே இருக்கும் காற்று வெப்பத்தை ஓரளவு தடுக்கும். ஆனாலும் ஃபோமுக்கு ஈடாகாது. நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு: சுவர் குளிர்ந்தால் வெளிப்பக்கம் வியர்க்கும். டம்ளரில் மோரை வைத்தால் டேபிளில் வளையம் விழுமே, அதே சங்கதி. தொட்டியைச் சுற்றித் தரை முழுக்க ஈரம், கால் மரத்துப்போய் வெளியே வருபவருக்கு வழுக்கல்.

மூடி இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். திறந்து கிடக்கும் குளிர்நீரின் மேல் காற்றின் ஈரம் படிந்து, அதன் சூட்டையும் சேர்த்துத் தண்ணீரில் இறக்கும். போதாக்குறைக்கு டெங்கு கொசு முட்டையிடுவது தேங்கிய சுத்தமான நீரில்தான். சில்லர் பழுதாகி, ஒரு வாரம் திறந்தே கிடந்த தொட்டியைப் பார்த்தால் கார்ப்பரேஷன்காரர்கள் சும்மா விட மாட்டார்கள்.

எங்கே வைப்பது?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் டெலிவரி வண்டி வாசலில் நிற்கும்போதுதான் கேட்கிறார்கள். 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோ. உள்ளே இறங்குபவர் 75 கிலோ. தொட்டி 25 முதல் 50 கிலோ. ஆக 400 கிலோவுக்கு மேல். நின்றவாக்கில் இருக்கும் உருளைப் பீப்பாயின் அடிப்பரப்பு அரை சதுர மீட்டர்தான் என்றால், சதுர மீட்டருக்கு 800 கிலோ அழுத்தம். நீளவாக்கில் படுக்கும் தொட்டியென்றால் 400 கிலோ. வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. ஆள் ஏறிப் போகும் மொட்டைமாடிக்கு 150.

உடனே தளம் இடிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்தக் கணக்கு அறை முழுக்கப் பரவிய பாரத்துக்கானது. ஆனாலும் அறையின் நடுவில் வைப்பதற்கும் பீம் ஓடும் சுவரோரம் வைப்பதற்கும் நிறைய வித்தியாசம். மொட்டைமாடியில் இத்தனை லிட்டர் டேங்க் நிற்கிறதே என்பார்கள். அது தூண்களின் தலையில், பீம் மேல் நிற்கிறது. சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி மட்டும் வேண்டவே வேண்டாம். தரைத்தளம் இருந்தால் தரைத்தளம். இல்லையென்றால் கட்டட எஞ்சினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவருடைய ஃபீஸ் தொட்டி விலையில் தூசு.

மின்சாரம் பற்றி இரண்டே வார்த்தை: எர்த், ஆர்.சி.சி.பி. தண்ணீரில் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தில் 230 வோல்ட் ஓடுகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் சில்லரைச் சொருகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. அமெரிக்காவில் சிலர் பழைய செஸ்ட் ஃப்ரீசருக்குள் சிலிகோன் பூசித் தண்ணீர் நிரப்பிக் குளிர்த்தொட்டி ஆக்குகிறார்கள். அந்த வீடியோக்கள் இங்கேயும் சுற்றுகின்றன. மலிவுதான். ஆனால், ஒரு விரிசலில் தண்ணீர் கசிந்து வயரைத் தொட்டால் அடுத்த குளியல் வேறு வகைக் குளியல். அந்த ஃப்ரீசரை ஆள் இறங்குவதற்கு யாரும் செய்யவில்லை.

தண்ணீர்

குளிர் கிருமியைக் கொல்லாது, அதன் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கலந்த நீரைத் தினமும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் ஃபில்டரும், ஓசோன் அல்லது யூ.வி. விளக்கும், கொஞ்சம் குளோரினும் தேவை. குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.ஹெச். 7.2 முதல் 7.8 வரை, சோதிக்கும் பட்டைகள் கிடைக்கின்றன. இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டால் ஃபில்டரின் ஆயுள் இரண்டு மடங்கு ஆனாலும் ஆகும்.

போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஊற்றுபவர்கள் உப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். 304 ரக ஸ்டீல் தொட்டி உப்பும் குளோரினும் சேர்ந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 ரகம் தாங்கும். சில்லருக்குள் இருக்கும் குழாய் டைட்டானியமா என்று கேளுங்கள். அக்ரிலிக், ஃபைபர் தொட்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை; கீறலும் வெயிலும்தான் அவற்றுக்கு எதிரி. தேவதாரு மரத் தொட்டி பார்க்க அழகு, பராமரிப்பில் தலைவலி.

யாருக்கு வேண்டாம்?

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு, குளிர்பட்டால் தடிப்பு வரும் தோல், விரல்கள் வெளுத்துப்போகும் ரேனாட்ஸ், கர்ப்பம், சர்க்கரையால் கால் உணர்விழந்த நிலை. இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. முகத்தையும் சேர்த்து முக்குவதில் தனி ஆபத்து உண்டு. குளிர் அதிர்ச்சி இதயத்தை விரட்டும், முகம் நனைந்து மூச்சடக்கினால் இதயம் நிதானிக்கப் பார்க்கும். இந்த இழுபறி துடிப்பைத் தடம்புரளச் செய்யலாம் என்று 2012-லேயே டிப்டனும் சக ஆய்வாளர் ஷேட்டாக்கும் எழுதினார்கள்.

டச்சுக்காரர் விம் ஹோஃபைப் பார்த்து வேக மூச்சுப் பயிற்சி செய்பவர்கள் அதைத் தண்ணீருக்குள் செய்யவே கூடாது. அவருடைய முறையிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. மயங்கினால் மூக்கு தண்ணீருக்குள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்திலோ குடித்துவிட்டோ இறங்கக் கூடாது. வெளியே வந்த பிறகும் சற்று நேரம் உடம்பின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும் என்பதால் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பவும் கூடாது. உயரமான பீப்பாய் வாங்குகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள்: மரத்த காலோடு அதிலிருந்து ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்குத் தாழ்வான, படுக்கும் தொட்டிதான்.

கழுத்து வரை முங்கியே ஆக வேண்டும் என்று இல்லாதவர்களுக்கு நம் நாட்டிலேயே பழைய வழி ஒன்று உண்டு. ஜெர்மனியின் லூயி கூனே பரப்பிய இடுப்புக் குளியல், தென்னாப்பிரிக்காவில் காந்தி கையில் எடுத்தது. இயற்கை மருத்துவமனைகளில் இன்றும் அந்தச் சாய்வுத் தொட்டியைப் பார்க்கலாம். தண்ணீரும் கொஞ்சம்தான், ஐஸ் அதைவிடக் கொஞ்சம். ஊட்டி, கொடைக்கானல்காரர்களோ டிசம்பர், ஜனவரியில் ராத்திரி ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்தாலே வேலை முடிந்தது.

சமவெளியில் இருப்பவர், லட்சங்களைக் கொடுக்குமுன் அகன்ற வாய் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் 120 லிட்டர் தண்ணீர் ஊற்றி 18 கிலோ ஐஸ் போடட்டும். ஏறக்குறைய 15 டிகிரி வந்துவிடும். மூன்று நிமிடம், வாரத்துக்கு இரண்டு முறை. ஐந்தாறு தடவை பழகியதும் முதல் அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதும் டிப்டன் குழு கண்டதுதான். ஒரு மாதம் போன பிறகும் ஆசை விடவில்லையென்றால் சில்லர் வாங்கலாம். கம்ப்ரஸரில் என்ன வாயு, ஆர்-32-ஆ, வேறா, தெருமுனை ஏ.சி. மெக்கானிக் அதைத் தொடுவாரா, ஃபில்டர் உள்ளூரில் கிடைக்குமா, வோல்டேஜ் ஏறி இறங்கினால் வாரண்டி உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவதாக இருந்தால் கோடையில் வாங்குங்கள். ஏ.சி. போட்ட ஷோரூமுக்குள் எந்தச் சில்லரும் ஜோராக ஓடும். வெளியே, வெயிலில் வைத்து, தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.